கல்யாணத்துக்கு முன் ஒரு பெயர், பின் ஒரு பெயர்: டிக்கெட்டில் எதைப் போடுவது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பெயரைப் பற்றியே கேட்டிருந்ததால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டு இதை மட்டும் எழுதுகிறேன். திருச்சியில் டிக்கெட், விசா வேலையில் இருபது வருஷமாக இருக்கிறேன். பெட்டி எடை கூடினால் பணம் கட்டிவிட்டு ஏறிவிடலாம். பெயர் மாறியிருந்தால் கவுன்டரிலேயே நிற்க வேண்டியதுதான். அப்படி நின்ற பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு தடவை நின்றிருக்கிறேன்.

கல்யாணமாகி மூன்று மாதம் ஆகப்போகிறது அக்கா. கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். என் பாஸ்போர்ட் கல்லூரியில் படிக்கும்போது எடுத்தது, அதில் அப்பா பெயர்தான் சர்நேம். கல்யாணமானதும் ஆதாரில் இனிஷியலை மாற்றிவிட்டோம், வங்கிக் கணக்கிலும் மாற்றியாயிற்று. அடுத்த மாதம் போக டிக்கெட் எடுக்க வேண்டும். மாமியார் வீட்டில் புதுப் பெயரில்தான் எடுக்கணும் என்கிறார்கள். எந்தப் பெயரில் எடுப்பது? ஏர்போர்ட்டில் ஆதாரைக் கேட்டால் என்ன செய்வது?
— கரூர் வாசகி

பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரில்தான் தங்கச்சி. அப்பா பெயரோடு, எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி. வீட்டில் யார் என்ன சொன்னாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2004-ல் எனக்குக் கல்யாணமானபோது கணவர் கோலாலம்பூரில் இருந்தார், டிக்கெட்டை அவருடைய நண்பர் ஒருவர் அங்கிருந்தே எடுத்து அனுப்பினார், கல்யாணப் பத்திரிகையைப் பார்த்து என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயரைப் போட்டு. பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர். செக்-இன் கவுன்டரில் இருந்த பெண் டிக்கெட் தாளையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பேனா மூடியால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டே வந்தவர் சர்நேமில் வந்து நிறுத்திவிட்டார். பத்திரிகையைக் காட்டினேன். கழுத்தில் இருந்த மஞ்சள் கயிறு அவர் கண்ணுக்கே தெரிந்தது. “நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன், சிஸ்டம் ஏற்காது” என்றார். கண்ணாடிக்கு வெளியே அப்பாவும் அம்மாவும் கையசைத்துக்கொண்டு நிற்கிறார்கள், உள்ளே நான் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறேன். மூன்று நாள் கழித்து வேறு டிக்கெட்டில் போனேன். முதல் டிக்கெட்டின் பணம் திரும்ப வரவே இல்லை. இந்த வேலைக்கு நான் வந்ததே அதற்கப்புறம்தான்.

அந்தப் பெண்மீது எனக்கு இன்றும் கோபமில்லை. சரியான ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால் அந்த நாடு விமான நிறுவனத்துக்கு அபராதம் போடும், அவரைத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் நிறுவனத்தின் தலையில்தான். அதோடு பல நாடுகளுக்குப் பயணிகளின் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் விமானம் போய்ச் சேருவதற்கு முன்பே போய்விடுகின்றன. அங்கே ஒரு பெயர் போய், கையில் வேறு பெயர் இருந்தால் சிக்கல் உங்களுக்குத்தான்.

இப்போது பாஸ்போர்ட்டை எடுத்துப் போட்டோ இருக்கும் பக்கத்தைத் திறங்கள். அடியில் இரண்டு வரி, நடுவே அம்புக்குறி மாதிரி குறிகள் வரிசையாக ஓடும், வரிக்கு 44 எழுத்து. இயந்திரம் படிப்பதற்கான வரிகள் அவை. உலகம் முழுக்க ஒரே முறைதான். மேல் வரியில் முதலில் பி, அப்புறம் இந்தியாவுக்கான மூன்றெழுத்து, அதை ஒட்டியே சர்நேம், பிறகு இரண்டு அம்புக்குறி, அதன் பின்னால் உங்கள் பெயர், மீதி இடமெல்லாம் அம்புக்குறி. ஒரு உதாரணத்துக்கு உங்கள் பெயர் மீனா, அப்பா சுப்பிரமணியன் என்றால் சுப்பிரமணியன் முதலில், மீனா பின்னால். உங்களைப் பொறுத்தவரை அது அப்பா பெயர், இயந்திரத்துக்கு அது உங்கள் குடும்பப் பெயர். இந்த வரியைப் பார்த்து டிக்கெட்டில் எழுதுங்கள், கல்யாணப் பத்திரிகையையோ ஆதாரையோ பார்த்து எழுதாதீர்கள். டிக்கெட் வந்ததும் பெயரோடு மிஸஸ் என்பதற்கான மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகத் தெரியும், அதைப் பார்த்துப் பதறி எனக்குப் போன் செய்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. அது வெறும் மரியாதைச் சொல், பெயரில் சேராது.

ஆதார் விஷயம். வெளிநாட்டுப் பயணத்துக்கு ஏர்போர்ட் வாசலிலிருந்து கடைசிவரை பாஸ்போர்ட் ஒன்றே போதும், ஆதாரை எடுத்து நீட்டவே வேண்டாம். நீட்டினால்தான் இரண்டு பெயர் அவர்கள் கண்ணில் படும். திருச்சியிலிருந்து நேராகவே சிங்கப்பூர் விமானம் இருப்பதால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. வேறு யாராவது மதுரையிலிருந்து சென்னை வரை தனி டிக்கெட் எடுத்து, அங்கிருந்து வெளிநாடு போகிறவர்கள் என்றால் அந்த உள்நாட்டு டிக்கெட்டையும் பாஸ்போர்ட் பெயரிலேயே எடுத்து, வாசலிலும் பாஸ்போர்ட்டையே காட்டுங்கள். ஏர்போர்ட்டில் முகத்தைக் காட்டியே உள்ளே போகவிடும் டிஜி யாத்ரா செயலி ஆதாரை வைத்து வேலை செய்வது, பெயர் ஒத்துப்போகாவிட்டால் அது உங்களுக்குப் பயன்படாது, பழையபடி வரிசையில் போய்விடுங்கள். இன்னொன்று, ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும். ஒன்றை நீங்கள் பயன்படுத்தியாயிற்று, மிச்சமிருப்பதை யோசித்துச் செலவழியுங்கள்.

கணவர் உங்களுக்கு எடுக்கும் அனுமதியிலும் பாஸ்போர்ட் பெயர்தான் வர வேண்டும். இறங்குவதற்கு முன் மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பும் சிங்கப்பூர் வருகை அட்டை, பயணக் காப்பீடு, வெளிநாட்டுப் பணம் போட்டு வாங்கும் கார்டு எல்லாவற்றிலும் அதே பெயர். திருமணத்தை இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். 2009-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும், உங்களுக்கு நாள் நெருங்கிவிட்டது. சார்பதிவாளர் அலுவலகத்தில் படிவம் நிரப்பும்போது உங்கள் பெயரையும் கணவர் பெயரையும் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதுங்கள். அந்தச் சான்றிதழ்தான் நாளைக்கு உங்களுடைய இரண்டு பெயரையும் சேர்த்துக் கட்டும் கயிறு. அதிலேயே எழுத்துப் பிழை இருந்தால் எதை வைத்துச் சேர்ப்பது?

பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்ப்பது கட்டாயமா? சேர்க்காவிட்டால் வெளிநாட்டில் என்னை அவருடைய மனைவியாக ஏற்க மாட்டார்கள் என்று ஏஜென்ட் பயமுறுத்துகிறார்.
— தஞ்சாவூர் வாசகி

கட்டாயமே இல்லை. கல்யாணமானதும் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்ற வேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றத் தேவையில்லை என்று 2017 ஏப்ரலில் பிரதமரே காணொளி வழியே பேசும்போது சொன்னார். நீங்கள் அவருடைய மனைவி என்பதை நிரூபிப்பது திருமணப் பதிவுச் சான்று. விசா அதிகாரி கேட்பதும் அதைத்தான்.

இதில் எல்லாரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. கணவர் பெயரைச் சேர்ப்பது என்றால் இரண்டு வேறு வேறு வேலைகளில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். ஒன்று, கடைசிப் பக்கத்தில் அப்பா, அம்மா பெயருக்குக் கீழே கணவர் பெயர் என்று ஒரு வரி வருமே, அதை நிரப்புவது. இதனால் உங்கள் பெயர் மாறாது, விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது கொஞ்சம் வசதி, அவ்வளவுதான். இன்னொன்று, முன் பக்கத்தில் சர்நேமில் இருக்கும் அப்பா பெயரை எடுத்துவிட்டுக் கணவர் பெயரைப் போடுவது. இது உங்கள் பெயரையே மாற்றும் வேலை, இதற்கப்புறம் டிக்கெட், விசா, வேலை அனுமதி எல்லாம் புதுப் பெயரில். ஏஜென்ட் எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது போதும் என்று வந்தவருக்கு இரண்டாவதைச் செய்துகொடுத்து, கையில் இருந்த விசா பழைய பெயரில் நின்றுபோன கதை எங்கள் ஊரிலேயே நடந்திருக்கிறது.

இரண்டில் எதைச் செய்தாலும் பழைய புத்தகத்தில் திருத்தித் தர மாட்டார்கள். ரீ-இஷ்யூ என்று விண்ணப்பித்துப் புது எண்ணோடு புதுப் புத்தகம்தான் வரும். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய், தட்கலில் கேட்டால் இன்னும் 2,000. திருமணச் சான்று, அல்லது இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த போட்டோவை ஒட்டி இருவரும் கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம். பாஸ்போர்ட் சேவா தளத்தில் உங்கள் வகையைத் தேர்ந்தெடுத்தால் என்னென்ன எடுத்துவர வேண்டும் என்று பட்டியல் வரும், அதைப் பார்த்துவிட்டே போங்கள். விண்ணப்பத்தில் இதற்கு முன் பெயர் மாற்றியதுண்டா, வேறு பெயரால் அறியப்படுகிறீர்களா என்று கேட்பார்கள், உள்ளதை அப்படியே எழுதுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், மாற்ற ஆசையாக இருந்தால் பாஸ்போர்ட் காலாவதியாகும் வருஷத்தில், கையில் விசாவோ டிக்கெட்டோ இல்லாத நேரத்தில் மாற்றுங்கள். ஆசையில்லை என்றால் அப்பா பெயரோடு காலம் முழுக்க இருங்கள், ஒரு நாடும் உங்களைத் திருப்பி அனுப்பாது. நான் இன்றுவரை மாற்றவில்லை.

அமெரிக்கச் சுற்றுலா விசா பத்து வருஷத்துக்குக் கிடைத்தது, கல்யாணத்துக்கு முன். போன வருஷம் பாஸ்போர்ட்டைக் கணவர் பெயரோடு புதிதாக எடுத்துவிட்டேன். விசா பழைய பாஸ்போர்ட்டில், பழைய பெயரில் இருக்கிறது. அது இன்னும் செல்லுமா?
— கோயம்புத்தூர் வாசகி

பாஸ்போர்ட் காலாவதியானாலும் அதில் இருக்கும் அமெரிக்க விசா காலாவதியாகாது. பெயர் மாறாமல் புத்தகம் மட்டும் மாறியிருந்தால் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோனால் போதும். உங்களுக்குப் பெயரும் மாறியிருக்கிறது. கல்யாணத்தால் பெயர் மாறியவர்கள் புதுப் பெயரில் விசா எடுத்துக்கொள்வது நல்லது என்று அமெரிக்க வெளியுறவுத் துறை பரிந்துரைக்கிறது. அது பரிந்துரைதான். ஆனாலும் டிக்கெட் புதுப் பெயரிலும் விசா பழைய பெயரிலும் இருக்க, விடிகாலை இரண்டு மணிக்குச் சென்னைக் கவுன்டரில் நின்று விளக்கிக்கொண்டிருப்பதை விட, நேரம் இருக்கும்போது புது விசாவுக்கு விண்ணப்பிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்த விசாவுக்கு இணையத்தில் நிரப்பும் டிஎஸ்-160 என்ற விண்ணப்பப் படிவத்தில் வேறு பெயர் எப்போதாவது பயன்படுத்தியதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று போட்டுக் கல்யாணத்துக்கு முந்தைய பெயரை எழுதுங்கள். அவசரப் பயணம், காத்திருக்க முடியாது என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே பேசிவிட்டு இரண்டு பாஸ்போர்ட்டும் திருமணச் சான்றும் கைப்பையில் வைத்துப் போங்கள். பெட்டியில் போட்டு உள்ளே அனுப்பிவிடாதீர்கள்.

தேனிலவுக்கு பாலி போகிறோம். இரண்டு பேர் பாஸ்போர்ட்டிலும் மற்றவர் பெயர் இல்லை. பிரச்சினை வருமா?
— ஈரோடு வாசகர்

வராது தம்பி. அவரவர் பாஸ்போர்ட் பெயரில் டிக்கெட், அவரவர் பெயரில் விசா. திருமணச் சான்றை ஒரு போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது ஓட்டலில் கேட்டால் காட்டலாம். நல்லபடியாகப் போய்வாருங்கள்.

அம்மாவுக்கு 63 வயது. துபாயில் இருக்கும் என் மனைவிக்குப் பிரசவம், அம்மாவை உதவிக்குக் கூட்டிப்போக வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும்தான் இருக்கிறது, சர்நேம் இடம் காலி. அப்பா பெயர் கடைசிப் பக்கத்தில் கணவர் என்ற இடத்தில் இருக்கிறது. விசா தர மாட்டார்கள் என்கிறார்கள், உண்மையா?
— ராமநாதபுரம் வாசகர்

நல்லவேளை, டிக்கெட் எடுக்கும் முன் கேட்டீர்கள். நம் அம்மாக்கள் தலைமுறையில் ஒற்றைப் பெயரில் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஏராளம். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் இனிஷியல், பின் கணவரின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே ஏற்பதில்லை என்பதால் இரண்டையும் விட்டுவிட்டு வெறும் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம் சுற்றுலா, விசிட் விசாவில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை ஏற்பதில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில், அதாவது நம் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில், தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று சில நாளில் ஒரு விளக்கமும் வந்தது. உங்கள் அம்மாவுடையதில் இருப்பது கணவர் பெயர். அதை நம்பி டிக்கெட் எடுக்க நான் சொல்ல மாட்டேன்.

பிரசவத் தேதிக்கு இன்னும் நாள் இருந்தால் அம்மாவின் பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ செய்துவிடுங்கள், சர்நேமில் அவருடைய அப்பா பெயரோ கணவர் பெயரோ, எதற்குச் சான்று இருக்கிறதோ அதைப் போட்டு. ஆதாரிலும் அதே மாதிரி முழுப்பெயர் இருந்தால் வேலை சுலபம், அதனால் முதலில் ஆதார், பிறகு பாஸ்போர்ட் என்று போங்கள். எந்தப் பெயரைப் போடுவது என்று அம்மாவையே கேளுங்கள். நாற்பது வருஷத்துக்கு முன் போய்ச் சேர்ந்த தன் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கண் கலங்கிய ஒரு அம்மாவை இந்த மேசைக்கு எதிரில் உட்காரவைத்துப் படிவம் நிரப்பியிருக்கிறேன்.

அமெரிக்கா ஒற்றைப் பெயரை மறுப்பதில்லை, வேறு மாதிரி கையாள்கிறது. இருக்கும் ஒரே பெயரைச் சர்நேம் இடத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான மூன்றெழுத்தை, எப்.என்.யு. என்று, பெயர் இடத்தில் அச்சடித்துவிடுவார்கள். சுற்றிப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அங்கேயே தங்கப்போகிறவர்களுக்கு டிரைவிங் லைசென்ஸ் வரை அது தொடர்ந்து வரும்.

என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர், குழந்தைக்கு அவளுடைய அப்பா பெயர். நானும் குழந்தையும் மட்டும் லண்டன் போகிறோம். பெயர் ஒத்துப்போகவில்லை என்று குழந்தையைப் பிரித்து நிறுத்திவிடுவார்களோ என்று தூக்கமே வரவில்லை.
— சென்னை வாசகி

தூங்குங்கள் அம்மா, பிரிக்க மாட்டார்கள். கேள்வி கேட்கலாம், அதற்குத் தயாராகப் போனால் போதும்.

நம் வீடுகளில் இது எப்படி அமைகிறது பாருங்கள். அம்மாவின் சர்நேம் அவளுடைய அப்பா பெயர், அப்பாவின் சர்நேம் அவருடைய அப்பா பெயர், பிள்ளைகளின் சர்நேம் இவருடைய பெயர். ஒரே வீட்டில் நான்கு பேருக்கு மூன்று சர்நேம். குடும்பப் பெயர் என்று ஒன்று தலைமுறை தலைமுறையாக வரும் ஊர்க்காரர்களுக்கு இது புரிய ஒரு நிமிஷம் ஆகும், நமக்கு இதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. அம்மா தன் பெயரைக் கணவர் பெயரோடு மாற்றிக்கொண்டால்தான் பிள்ளையோடு ஒத்துப்போகும் என்பதற்காக மட்டுமே பாஸ்போர்ட்டை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

பெரியவரின் குடும்பப் பெயரும் குழந்தையின் குடும்பப் பெயரும் வேறாக இருந்தால் உறவுக்கு ஆதாரம் கேட்கப்படலாம் என்று பிரிட்டன் அரசே சொல்கிறது. பிறப்புச் சான்று, தேவைப்பட்டால் திருமணச் சான்று, இவைதான் அந்த ஆதாரம். குழந்தையின் பிறப்புச் சான்றின் அசலை எடுத்துப் போங்கள், அதில் அம்மா பெயர் உங்கள் பாஸ்போர்ட்டில் இருப்பது மாதிரியே இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் கணவர் பெயரோடு எழுதிக்கொடுத்து, பிறப்புச் சான்றிலும் அப்படியே வந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது. அப்படி இருந்தால் திருமணச் சான்றும் கூட வர வேண்டும், அது இல்லாமல் நீங்கள்தான் அந்த அம்மா என்று தாளில் தெரியாது. கணவரிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்: மனைவியும் மகளும் இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை போகிறார்கள், எனக்குச் சம்மதம் என்று ஆங்கிலத்தில், போன் எண், கையெழுத்தோடு, அவருடைய பாஸ்போர்ட் நகலை இணைத்து. குழந்தைக்குப் பேசத் தெரிந்தால் அதிகாரி அவளிடமும் ஒன்றிரண்டு கேட்பார். பயப்படாதே, இது யார் என்றால் அம்மா என்று சொல் என்று முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பாஸ்போர்ட்டில் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஏ, சாய்கோடு, பி என்று இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை. சென்னை டிக்கெட்டில் கணவர் பெயரைப் போடலாமா?
— கிள்ளான் வாசகி

போட வேண்டாம். அனாக் பெரம்புவான், அதாவது இன்னாரின் மகள் என்று உங்கள் ஊரில் கல்யாணத்துக்குப் பிறகும் அடையாள அட்டையில் அப்படியே இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி, இங்கே நாங்கள் படும் பாட்டில் பாதி உங்களுக்கு இல்லை. டிக்கெட் பதியும் இடத்தில் சாய்கோடு விழாது. அந்த இரண்டு எழுத்தைச் சேர்த்தும் எழுதுகிறார்கள், விட்டும் எழுதுகிறார்கள். உங்கள் விமான நிறுவனம் எப்படிக் கேட்கிறது என்று பார்த்து, போகவும் வரவும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

நர்ஸாக இருக்கிறேன், அபுதாபியில் வேலை கிடைத்திருக்கிறது. பாஸ்போர்ட் கணவர் பெயரோடு இருக்கிறது. பத்தாம் வகுப்பு முதல் நர்சிங் சான்று வரை எல்லாம் அப்பா இனிஷியலில். சான்றிதழ்களை மாற்ற முடியுமா?
— நாகர்கோவில் வாசகி

மாற்றப் போகாதீர்கள், அலைந்து ஓய்ந்துபோவீர்கள், தேவையும் இல்லை. படித்தபோது இருந்த பெயர் அது, அது அப்படியே இருக்கட்டும். திருமணச் சான்று ஒன்று, இரண்டு பெயரும் ஒரே நபருடையவை என்று நோட்டரி முன்னால் கையெழுத்திட்ட அபிடவிட் ஒன்று, இவை இரண்டும் எல்லாச் சான்றிதழ்களோடும் சேர்ந்தே போக வேண்டும். அபிடவிட்டில் பழைய பெயரைச் சான்றிதழில் இருக்கிற மாதிரி இனிஷியலோடு எழுதி, அந்த இனிஷியலின் விரிவையும் எழுதச் சொல்லுங்கள். படிப்புச் சான்றுகள் உண்மையானவைதான் என்று அரசின் மேலொப்பம் வாங்கும்போதே திருமணச் சான்றுக்கும் வாங்கிவிடுங்கள். ஒரு நாட்டின் சான்றிதழைத் தூதரகத்துக்குப் போகாமலே மற்ற நாடு ஏற்க வழிசெய்யும் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு அப்போஸ்டில் என்ற ஒரே முத்திரை போதும், இந்தியா 2005 முதல் அதில் இருக்கிறது. அமீரகத்துக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அப்புறம் அவர்களுடைய தூதரகம் என்று மூன்று படி ஏற வேண்டும். இரண்டு தடவை ஏறாமல் ஒரே தடவையில் முடித்துவிடுங்கள்.

விவாகரத்து ஆகிவிட்டது. பாஸ்போர்ட்டில் சர்நேமாகவும் கடைசிப் பக்கத்திலும் அவர் பெயர்தான். பாஸ்போர்ட்டைத் திறக்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. பழைய பெயருக்குத் திரும்ப முடியுமா? நடுவில் ஒரு ஆபீஸ் பயணமும் வருகிறது.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

தாராளமாகத் திரும்பலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பிரிந்தவர்களும் விவாகரத்தானவர்களும் விண்ணப்பத்தில் துணையின் பெயரை எழுத வேண்டியதில்லை என்று வெளியுறவு அமைச்சகம் 2016 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது. உங்களுடையது ஏற்கனவே அவர் பெயர் ஏறிய புத்தகம், சர்நேமும் மாற வேண்டும் என்பதால் கோர்ட்டில் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்கி வைத்துக்கொண்டு ரீ-இஷ்யூவுக்கு விண்ணப்பியுங்கள். வீட்டு பிரிண்டரில் எடுத்த நகல் செல்லாது. பழைய பெயரில் இருக்கும் பத்தாம் வகுப்புச் சான்று இங்கே உங்களுக்குத் துணைக்கு வரும், எடுத்துப் போங்கள்.

ஆபீஸ் பயணத்தை மட்டும் இப்போதிருக்கும் பாஸ்போர்ட்டிலேயே முடித்துவிடுங்கள். விசா வாங்கியபின் பெயர் மாறினால் அந்த விசா கையில் இருந்தும் பயனில்லாமல் போகலாம். திரும்பி வந்த வாரமே விண்ணப்பியுங்கள். இன்னும் ஒரே ஒரு தடவை அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டியிருக்கும், கவுன்டரில், அரை நிமிஷம். அதற்கப்புறம் வரும் புத்தகத்தில் உங்கள் பெயர், உங்கள் அப்பா பெயர்.

ஒன்பது நாளில் பயணம். உங்கள் பகுதியைப் படிப்பவள்தான், ஆனாலும் அவசரத்தில் மகன் கணவர் பெயரோடு டிக்கெட் எடுத்துவிட்டான். பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர். இப்போது என்ன செய்ய?
— திண்டுக்கல் வாசகி

இதற்குப் போனிலேயே பதில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். பாஸ்போர்ட்டை மாற்ற ஓடாதீர்கள், தட்கலில் கூட அதை நம்பி இருக்க முடியாது. மாற வேண்டியது டிக்கெட்தான். டிக்கெட் எடுத்த இடத்துக்கு உடனே போன் செய்து, ஆள் மாறவில்லை, கல்யாணத்தால் வந்த பெயர் வித்தியாசம் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். பெயரை மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னால் டிக்கெட்டை வேறு ஆளுக்குக் கொடுப்பதாக எடுத்துக்கொண்டு முடியாது என்றுதான் பதில் வரும். பாஸ்போர்ட்டின் இரண்டு பக்கம், திருமணச் சான்று இவற்றை அனுப்பிவைத்தால் கல்யாணப் பெயர் வித்தியாசத்தைச் சரிசெய்து தரும் நிறுவனங்கள் உண்டு, சிலர் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்வார்கள். ஒரே டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்களின் விமானம் இருந்தால் ஒன்றில் திருத்தியது மற்றதற்கும் போய்விட்டதா என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு, சீட் எல்லாம் புது டிக்கெட்டில் மறைந்துபோயிருக்கும், திரும்பப் பதியுங்கள். முடியாது என்றுவிட்டால் ரத்து செய்து எவ்வளவு வருகிறதோ வாங்கிக்கொண்டு, இன்றைய விலைக்கே புது டிக்கெட் எடுத்துவிடுங்கள், நாள் போகப் போக விலை ஏறும். இவர் வெள்ளிக்கிழமை மாலை பேசினார், திங்கட்கிழமை பார்க்கலாமா என்றார். வேண்டாம், இப்போதே பேசுங்கள் என்றேன். சனிக்கிழமை காலை திருத்திய டிக்கெட் வந்துவிட்டது.